மேனேஜர் அருளு எங்கன போனான்

ஞாயிறு, ஆடி மாசம். மேற்கிலிருந்து கச்சான் காத்து. காதுக்குள் கால்படி மணல்.

ஐஸ் உடைத்த கையோடு, மாதா சாட்சியாக எழுதுகிறேன். இன்றைக்கு ஆரம்பித்திருக்கிற கதையைத் தனுஷ்கோடி முதல் டெல்லி வரை ஒருத்தனும் நம்பமாட்டான். நம்புகிறவனுக்கு என் ஐஸ் கம்பெனியை எழுதித் தருகிறேன்.

அருளு மேனேஜர் பதவியை விட்டுவிட்டான். அருளு யார்? என் அக்கா மகன். என் மகள் ஜெனியைக் கட்டியவன். தங்கச்சிமடம் கால்பந்து அணியை எட்டு வருசம் மேய்த்தவன். எட்டு வருசமும் திருவிழாக் கோப்பை நமக்கே. (இனி அ. என்று எழுதுவேன். கை விரலெல்லாம் விறைப்பு.)

ஜெயித்தது பந்தால் இல்லை, துண்டால். கடலில் படகு பழுதானால் சட்டையைக் கழற்றிச் சுற்றுவோமே, அதைக் கரைக்குக் கொண்டுவந்தவன் அ. இந்தக் காத்தில் மேனேஜர் கத்தினால் யாருக்குக் கேட்கும்? தலைக்கு மேல் துண்டைச் சுற்றினால் எல்லாரும் முன்னே. தோளில் போட்டால் நிதானம். தரையில் போட்டால், பந்தை விடு, ஆளை அடி. பயலுகளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கேப்டன் பெனி வீட்டில் கொடியிலிருந்து துண்டு விழுந்தது. அவன் விட்ட உதையில் பிரிட்ஜுக்கு இடுப்பு ஒடிந்தது.

மதியம் அணிக்குக் கறி விருந்து. எலும்பு வாயில் இருக்கும்போதே அ. சொன்னான்.

"நான் விலகுறேன்."

பெனி: "எங்கன போறீக?"

"சொல்ல ஏலாது. அடுத்த ஞாயிறு பைனல்ல தெரியும்."

"தொண்டிக்கா?"

பைனல் தொண்டி அணியோடு. அ. எலும்பைக் கடித்தான். அதுதான் தப்பு.

பெனி பெஞ்சைத் தூக்கினான். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களோடு சேர்த்துத் தூக்கினான். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கர்த்தருக்கும் தெரியாது. சேதம்: பல் மூணு (ஒன்று ஆட்டினுடையது), குழம்புச் சட்டி, என் சட்டை, கோல்கீப்பரின் புருவம். ஐஸ் ஒன்றரை பார் காலி.

கறி நல்ல ருசி.

செவ்வாய். காத்து அதே.

அ. வீட்டு ஜன்னலில் கல். சுவரில் கரியால் "துரோகி". எழுத்துப்பிழை இல்லாமல். பயலுகள் தேறிவிட்டான்கள்.

இரண்டு வேன் நிறையத் தொண்டிக்குப் புறப்பட்டார்கள், எங்கள் மேனேஜரைத் திருப்பிக் கொடு என்று கேட்க. நான் சமாதானத் தூதுவன். மடியில் ஐஸ் பெட்டி.

தொண்டி கேப்டன் அன்வர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றான். மரியாதையான பையன்.

"உங்க மருமகனா மாமா? எங்ககிட்டயா? அல்லா மேல ஆணை, அவரு இங்கன வந்தா நாங்களே மீன் பெட்டியில அடுக்கி, மேல ஐஸ் போட்டு உங்களுக்கு அனுப்பிருவோம். ஏலே, காட்டுங்கடா!"

பதினோரு பேர் கைலியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார்கள். ஆண்டவரே. எட்டு வருசத் திருவிழாவும் அதில் இருந்தது. ஒவ்வொரு தழும்பும் அ. போட்ட துண்டு.

 

பெனி நம்பவில்லை. "ஒளிச்சு வச்சுக்கிட்டு நடிக்கிறீகளா!" டீ கிளாஸ் பறந்தது. அடுத்தது டீ மாஸ்டர் பறந்தார். ஒரு உதையில் ஒருத்தன் உச்சிப்புளி விமானதளம் வரைக்கும் போய், நேவி விமானத்துக்கு வழிவிட்டுத் திரும்பி வந்து, அடித்தவனை அடித்தான். கடல் இரண்டு அடி பின்வாங்கியது. தூதுவனுக்கு முதுகில் நாலு.

வரும் வழியில் வேனில் எல்லாரும் முனகல். பெனி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, "சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல." குரல் உடைந்திருந்தது. மூக்கும்.

வியாழன். சின்னத் தூறல். கரன்ட் இல்லை.

ஜெனி வந்தாள். "அப்பா, அவுகளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நீங்களே கேளுங்க. சாகப் போறாக."

அ.-வை ஐஸ் கம்பெனி உள்ளறைக்கு இழுத்துப் போனேன். பையைத் திறந்தான். கறுப்புச் சட்டை, கறுப்பு டவுசர், விசில், மஞ்சளும் சிவப்புமாய் இரண்டு அட்டை.

"ரெப்ரி பரிச்சை எழுதிப் பாஸாயிட்டேன் மாமா. பைனல் என்கிட்ட குடுத்திருக்காக."

உட்கார்ந்துவிட்டேன். ஐஸ் பார் மேல். பிறகுதான் தெரிந்தது.

திருவிழாக் கமிட்டி வழக்கம்: ஆட்டம் தொடங்கும்வரை ரெப்ரி பெயர் வெளியே வராது. ஒரு தடவை முன்கூட்டியே சொல்லி, ஆட்டத்துக்கு முந்தின நாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. போன வருச ரெப்ரி பாதி ஆட்டத்தில் பாம்பன் பாலத்தை ஓடியே கடந்தார், ரயில் பின்னால் வந்தது. இந்த வருசம் வெளியூரிலிருந்து ஒருத்தரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். மிஞ்சியவன் இவன்.

"ஏலே, அதுக்குச் சுறா வாயில தலைய விடலாமேடா. நம்ம ஆளுக துரோகின்னு அடிப்பானுக. தொண்டிக்காரன் பழைய கணக்குக்கு அடிப்பான். எம் பொண்ணு என்னடா ஆவா?"

அ. கறுப்புச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். ஐஸ் உருகுகிற சத்தம்.

"எட்டு வருசமா துண்டைப் போட்டேன் மாமா, அடிச்சாங்க. அடிக்கிறப்பல்லாம் நடுவுல அந்த ரெப்ரி நின்னு ஊதுவான். ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். அடின்னா கேக்குறவனுக நில்லுன்னா கேப்பானுகளான்னு தெரியணும். ஒரே ஒரு தடவை."

"கேக்கலேன்னா?"

"நீங்கதான் ஐஸ் வச்சிருக்கீகளே."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். மூணு நாள் ரகசியம் காப்பதா, நானா? வயிறு உப்பிவிட்டது. சோடா குடித்தேன்.

ஞாயிறுக்கு: ஐஸ் பத்து பார். பஞ்சு. டிஞ்சர். குடை (கைப்பிடி கனமானது). ஜெபமாலை.

ஞாயிறு. பைனல். காத்து மட்டும் நின்றுவிட்டது. வேர்த்து ஊற்றுகிறது.

கடற்கரை மைதானம். ஜனம் பத்து லட்சம். குறைத்துச் சொல்கிறேன்.

கறுப்புச் சட்டையில் அ. நடுக்கோட்டுக்கு வந்தான். ஊரே மூச்சை நிறுத்தியது. பிறகு விட்டது. செருப்பு, தண்ணி பாட்டில், பாதி கடித்த வெள்ளரிக்காய். இரண்டு பக்கமும் ஒரே வார்த்தையால் திட்டினார்கள். எட்டு வருசத்தில் முதல் ஒற்றுமை.

பெனி: "ரெப்ரியாவா போனீக? இதுக்குத் தொண்டிக்கே போயிருக்கலாமே!"

அ. அவனைப் பார்க்காமல் ஊதினான். ஆட்டம் ஆரம்பம்.

இடைவேளை வரை அடி கம்மி. பெனிக்கு மஞ்சள் அட்டை, அன்வருக்கும். கோல் இல்லை. ஜெனி என் கையை நகத்தால் கிழித்துக்கொண்டே நின்றாள்.

பிறகுதான் அது. வேர்வை கண்ணில் இறங்க, அ. கழுத்துப் பட்டைக்குள் ஜெனி மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து முகம் துடைத்தான். கை வழுக்கியது. துண்டு கீழே விழுந்தது.

ஐயோ!

நம்ம பதினோரு பேரும் பந்தை விட்டார்கள். யோசிக்கவில்லை. கண்ணில் துண்டு, காலில் உதை. அன்வர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். தொண்டி திரும்பப் பாய்ந்தது. கரையில் இருந்தவர்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே. கோல் கம்பத்தைப் பிடுங்கிச் சிலம்பம் ஆடினான் ஒருத்தன். கடலிலிருந்து இரண்டு திமிங்கிலம் எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கு வேண்டாம் என்று மன்னாருக்குத் திரும்பின. என் குடை நாலு மண்டையைப் பதம் பார்த்தது, அதில் ஒன்று என்னுடையது.

அ. நடுவில் ஓடினான். "ஏலே, அது துண்டு இல்லடா! வேர்வை! வேர்வைடா!" யார் கேட்டார்கள்? யாருடைய முழங்கையோ மூக்கில். விழுந்தான். மேலே ஆட்கள். கறுப்புச் சட்டை தெரியவில்லை.

ஜெனி ஓடினாள். நான் அவள் பின்னால்.

குவியலுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. பிறகு தலை. மூக்கு ஒரு பக்கம், முகமெல்லாம் ரத்தம், ரத்தத்துக்கு நடுவில் விசில். எழுந்து நின்று ஊதினான். சளசளவென்று ஒரு சத்தம். திரும்ப ஊதினான். நீளமாக.

திங்கள். காத்து திரும்பியது. ஐஸ் சுத்தமாக இல்லை.

காலையில் பெனி வந்தான், வீங்கிய கண்ணுக்கு ஐஸ் கேட்டு. நேற்றுச் சிவப்பு அட்டை முதலில் வாங்கியவன். தானே நடந்து வெளியே போனவன். "காலு தன்னால போச்சு மாமா. அவுகளுக்கு மூக்கு எப்படி இருக்கு?" அ. வீட்டுச் சுவரை வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போகிறானாம்.

அன்வர் போன். முட்டி ஒடியவில்லை, வீக்கம்தான், இன்ஷா அல்லா சரியாகிவிடும். பாதியில் நின்ற ஆட்டத்தை மறுபடி வைத்தால் ரெப்ரி அவரேதான் வேண்டுமாம்.

அ. மூக்கில் பிளாஸ்திரியோடு தூங்குகிறான். ஜெனி துண்டையெல்லாம் எடுத்துப் பூட்டிவிட்டாள்.

திமிங்கிலம் வரவில்லை. நேவி விமானத்துக்கு யாரும் வழிவிடவில்லை. ஜனம் இருநூறு இருந்தால் பெரிது. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை. ஆனால் இரண்டாவது தடவை அவன் ஊதினான் பார், ஓங்கிய கை ஓங்கியபடி, தூக்கிய கால் தூக்கியபடி, என் குடை உள்பட, எல்லாரும் நின்றார்கள். அது மட்டும் நெசம்.