இரண்டும் என் பெயர்தான்

கிள்ளான்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ரமணிக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை பிரவினும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும்போது அம்மா உன் வீட்டில் இருப்பாள். அவள் பெட்டியில், உனக்காக வறுத்து அரைத்த பத்தியப் பொடிக்கு அடியில், அவளுக்குத் தெரியாமல் இதை வைத்திருக்கிறேன். விசா கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் அவள் உனக்குப் போனில் சொன்னாள். எப்படிக் கிடைத்தது என்று நான் சொல்லத் தொடங்கினால், அதெல்லாம் ஒரு விஷயமா என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். எழுதிவிட்டால் பிடுங்க முடியாதல்லவா?

போன வருஷம் அவளுடைய விசா மனு திரும்பி வந்தது உனக்குத் தெரியும். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பிய அதே வாரம் அது. உன் தாய் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய அடையாள அட்டையில், அந்த ஐசியில், 'லெட்சுமி' என்று இருக்கிறது. உன் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் 'லக்ஷ்மி' என்று இருக்கிறது. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கால்கரிக்கு விசா கொடுக்கிறவர்களுக்கோ இரண்டும் வேறு வேறு பெண்கள்.

அன்று பள்ளி விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக அவள் தான் ஓட்டும் பள்ளி வேனை எடுக்கவில்லை. எதிர்வீட்டுப் புனிதாவிடம் சாவியைக் கொடுத்து அனுப்பினாள். நீ கால்கரியில் படுக்கையில் அழுதுகொண்டிருந்தாய். அவள் இங்கே சமையலறையில் நின்றபடி, "நான் அவளப் பெத்தவ இல்லன்னு ஒரு பேப்பர் சொல்லுதுங்க" என்றாள்.

அடுத்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது என்று யாரோ சொல்ல, போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் இத்தனை வருஷம் ரயில்வேயில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன். வேண்டியதை நானே எழுதித் தருகிறேன் என்றேன். தனக்குத் தெரியாத வார்த்தைக்குக் கீழே இனி கையெழுத்துப் போடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலையில் என்னை டயாலிசிஸ் சென்டரில் இறக்கிவிடுவாள். கொமுட்டர் ரயில் ஏறி வகுப்புக்குப் போய்விட்டு, என்னை அழைத்துப்போக நேரத்துக்கு வந்துவிடுவாள்.

ஆசிரியை லோஜினி உன் வயதுப் பெண். எந்த வார்த்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டபோது, ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் அதற்கு என்ன வார்த்தை என்று கேட்டிருக்கிறாள் உன் அம்மா. 'டிஸ்கிரிபன்சி' என்று அந்தப் பெண் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். இதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் ஆன்டி என்றதும், இவள் எழுந்து நின்று, "மை நேம் இஸ் டிஸ்கிரிபன்சி" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். இவளும் சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லும்போதும் சிரித்தாள். நீ போன வருஷம் தனியாக வீடு திரும்பியதற்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

லோஜினி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது ஓர் ஆளுக்கு வைக்கிற பெயர் இல்லை. இரண்டு விஷயங்களுக்கு இடையில் இருக்கிற பொருத்தமின்மை. அதனால் 'பிட்வீன்' போட்டு இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எதில் பொருந்தவில்லை என்பதற்கு 'இன்' போட வேண்டும். அதன் பிறகு வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. பள்ளிக்கூட மணிக்கும் வேன் கடிகாரத்துக்கும் டிஸ்கிரிபன்சி. பாசாரில் மீன்காரர் சொன்ன எடைக்கும் வீட்டுத் தராசுக்கும் டிஸ்கிரிபன்சி. நான் குடித்ததாகச் சொல்லும் தண்ணீருக்கும் உண்மையில் குடித்த தண்ணீருக்கும் டிஸ்கிரிபன்சி. இந்தக் கடைசி வாக்கியத்தை டயாலிசிஸ் நர்ஸிடமே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். அந்த நர்ஸ் இப்போது என்னை நம்புவதே இல்லை.

ஒரு நாள் அவள் லோஜினியிடம் இன்னொன்று கேட்டாளாம். இதற்கு 'மிஸ்டேக்' என்று சொன்னால் என்ன என்று. மிஸ்டேக் என்றால் யாரோ தப்பு செய்தார்கள் என்று அர்த்தம். டிஸ்கிரிபன்சி என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான், யார்மேலும் பழி இல்லை என்றாளாம் அந்தப் பெண். அன்று கொமுட்டரில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

நீ மறுபடியும் உண்டாகியிருப்பதாகச் சொன்னதும் புதிதாக மனு போட்டோம். பெயர் விஷயத்துக்கு ஒரு சத்தியப் பத்திரம் இணைக்கச் சொன்ன விசா ஏஜெண்ட், தயாராக ஒன்றை டைப் அடித்தும் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார். அதை எடுத்துக்கொண்டு இங்கே கிள்ளானில் திரு. பரமேஸ்வரன் ஆபீசுக்குப் போனோம். அவர்தான் சத்தியம் வாங்கி முத்திரை குத்துகிறவர். பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பத்திரத்தை விரலால் தொட்டுத் தொட்டு மெதுவாகப் படித்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது, பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். போடு லெட்சுமி, நான் படித்துவிட்டேன் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பத்திரத்தில், 'என் பிறப்பைப் பதியும்போது என் தாய் என் பெயரைத் தவறாகச் சொன்னதால் ஐசியில் தவறாகிவிட்டது' என்று இருந்தது. அதை வைத்துத்தான் மனு எடுபடும் என்று ஏஜெண்ட் எழுதியிருப்பார் போல. உன் அம்மாவைப் பெற்ற வள்ளியம்மா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஓர் எழுத்தும் தெரியாது. மகளுக்கு என்ன பெயர் வைத்தோம் என்பது தெரியாதா அவருக்கு?

அவள் பத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பரமேஸ்வரனிடம் சொன்னாள்: "எங்கம்மா தப்பா சொல்லல சார். சத்தியம் பண்ணி அப்படிச் சொல்ல மாட்டேன்."

அப்படியானால் எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்று அவர் தன்மையாகத்தான் கேட்டார். இவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். "தேர் இஸ் எ டிஸ்கிரிபன்சி இன் தி ஸ்பெல்லிங் ஆஃப் மை நேம், பிட்வீன் மை ஐசி அண்ட் மை டாட்டர்ஸ் பர்த் சர்டிபிகேட்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "போத் நேம்ஸ் ஆர் மைன். ஐ ஏம் ஹெர் மதர்."

நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன் ரமணி. கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று. பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுதான் உங்க வாக்குமூலம்னா இதையே டைப் பண்ணிடலாம்" என்றார். அவளே வெள்ளைத் தாளில் எழுதினாள். கிளார்க் ஓர் எழுத்தும் மாற்றாமல் டைப் அடித்தார். வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். வேனில் ஏறி உட்கார்ந்ததும் சாவியை என்னிடம் நீட்டினாள். நான் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாக்கியத்தால்தான் விசா வந்ததா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் காரணம் எழுதவில்லை. ஆனால் அது கிடைக்காமல் போயிருந்தாலும் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருப்பேன்.

இனி என் விஷயம். வேனைப் புனிதா ஓட்டுகிறாள். பக்கத்து வீட்டு ஜெயந்திரன் என்னை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். பங்சாரில் இருக்கும் உன் சித்தி வாரக் கடைசியில் வந்து சமைத்து வைப்பாள். கால் வீக்கம் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம். அது வரும் போகும். அம்மாவிடம் இதைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். உன்னிடம் வர எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே.

ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் யாராவது அம்மாவிடம் ஏதாவது கேட்டால், நீயோ மாப்பிள்ளையோ முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். நேரம் எடுப்பாள், ஆனால் சொல்லிவிடுவாள். கேட்டவர்களைக் காத்திருக்கச் சொல்.

அங்கே அவளுக்குக் குளிரும். உன்னிடம் சொல்ல மாட்டாள், நீயாகப் பார்த்துப் போர்த்திவிடு. முருகன் துணையிருப்பான், நல்லபடியாகப் பெற்றெடு. இந்த முறை உன் பக்கத்தில் உன் தாய் இருக்கிறாள். பிள்ளையைக் கையில் வாங்கி, குளிப்பாட்டி, ஆசை தீரக் கொஞ்சிவிட்டு வரட்டும். அவசரப்பட்டு அவளைத் திருப்பி அனுப்பாதே அம்மா.

நானே கேட்டாலும் அனுப்பாதே.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
சுகுமாறன்