ஆடி அமாவாசையன்று பார்த்த சைக்கிளோட்டம்

பேர்ண்,
18.7.1985

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

நேற்றுப் பின்னேரம் ஒரு பகிடி. நான் கோப்பை கழுவும் றெஸ்ரோறன்டில், டிவியில் பிரான்ஸ் சைக்கிளோட்டம் போட்டார்கள். மலையேற்றம். எல்லாரும் முன்னால் போனவனைப் பார்க்க, நான் கடைசி ஆளையே பார்த்தேன். சீற்றை விட்டு எழும்பி நின்று, வாயைத் திறந்தபடி மிதித்தான்.

"செத்துப்போன எங்கட அப்பாவும் வெங்காய மூட்டையோட இப்பிடித்தான் மிதிப்பார்" என்றேன், கூட வேலை செய்யும் இராஜசிங்கம் அண்ணையிடம்.

அவர் என் கையிலிருந்த சொசேச்சைப் பார்த்தார். "தம்பி, தேப்பன் இல்லாத நீ இண்டைக்கு இறைச்சி தின்னுறியோ? ஆடி அமாவாசையெல்லே!"

வாயிலிருந்ததைத் துப்பினேன். அதற்கு முன்னமே இரண்டு தின்றுவிட்டேன், அம்மா.

தம்பி கீரிமலையில் எனக்கும் சேர்த்துத் தர்ப்பணம் செய்திருப்பான்தானே? இனி வரும் விரத நாட்களை எழுதி அனுப்புங்கள். இங்கத்தைய கலண்டரில் ஞாயிறு மட்டும்தான் சிவப்பு.

வேலைக்கு நேரமாகிறது. அயலில் கேட்டால் நான் விரதம் பிடித்தேன் என்று சொல்லுங்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மகன்
தவராஜா