மணக்காத லேகியம்

செங்கல்,
மார்ச் 9

கர்த்தருக்குள் பிரியமான மக்கா சஜனுக்கு மாமன் தேவகுமார் எழுதுவது. இங்கே உன் அம்மா சுகிர்தபாயும் தங்கை லிஜாவும் நானும் சுகம். உன் மாமியும் சுகம்தான், என்மேல் உள்ள கோபமும் அவளைப் போலவே சுகமாக இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். கிரிக்கெட் ஏலத்தில் உன் பெயர் வரும், லீக் அணி உன்னை எடுக்கும், பாறசாலை என்ற பெயரை டி.வி.யில் ஒரு வெள்ளைக்காரன் நாக்கு சுளுக்கிக்கொண்டு சொல்வான் என்பது வரை சொன்னேன். சின்ன வயதில் நீ ரப்பர் விதையை எறிந்து எங்கள் சேவலை மயக்கம் போட வைத்தாயே, அன்றைக்கே உன் அம்மாவிடம், “அக்கா, இவனுக்க கை சாதாரண கை இல்ல, கேட்டியா, இது டி.வி.ல வரப்போற கையாக்கும்” என்று சொன்னேன். அவள் சேவலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததால் காதில் வாங்கவில்லை.

பந்து போடுகிறவன் ஒரு ஜாதி, மட்டை பிடிக்கிறவன் ஒரு ஜாதி என்று உலகம் இருந்தபோது, எலே, இரண்டையும் பிடி என்று உனக்குச் சொன்னது யார்? மட்டைக்காரன் வீசி முடித்த பிறகு மெதுவாக வந்து சேரும் உன் பந்து இருக்கிறதே, அந்த மணிக்கட்டுத் திருப்பு நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தியை இழுக்கிற இழுப்பு. பேட்டியில் நீ அதைச் சொல்லவில்லை. என் பெயரையே சொல்லவில்லை. போகட்டும், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். தோள் நோவைப் பற்றி நீ போனில் சொன்னதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. பந்து போட முடியாவிட்டால் உன்னை வைத்திருந்து என்ன பயன், மட்டை பிடிக்க மட்டும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பயிற்சியாளர் சொன்னதாகச் சொன்னாய். முப்பது வயதில் கிடைத்த முதல் லீக், இதை விட்டால் இன்னொன்று இல்லை மாமா என்று சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனது. அணி டாக்டரிடம் காட்டினால் ஓய்வு எடுக்கச் சொல்வார், அந்த இடத்தில் வேறொருவன் வந்துவிடுவான் என்றாய். இதற்குத்தான் மக்கா மாமன் என்று ஒருவன் இருக்கிறேன்.

பார்சலில் உள்ள எவர்சில்வர் டப்பா நம்முடைய லேகியம். பெயர் தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது, எங்களுக்கு ஊக்கமருந்துச் சோதனை உண்டு, வெளியில் வாங்கிய சாமான் ஏதும் இதில் உண்டா என்று நீ கேட்டாய். கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பொருள்கூட வெளியில் வாங்கியது இல்லை. பெருங்கடவிளையில் எனக்கு வர்மம் படிப்பித்த ஆசான், கண்ணை மூடும் முன் என் காதில் மட்டும் சொன்ன கூட்டு இது. பெற்ற மகனைக்கூட வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். குறுந்தோட்டி வேரை மலையடிவாரத்தில் வெயில் ஏறும் முன் நானே பிடுங்கினேன். சுக்கும் திப்பிலியும் நானே இடித்தேன். கருப்பட்டிப் பாகும் பசுநெய்யும் சேர்த்து, உருளியில் விறகுத் தீயில் விடாமல் கிண்டியதும் இந்தக் கைதான். கை கொப்புளம் போட்டுவிட்டது. உன் மாமி அதைப் பார்த்து அழுதாள்.

உன் அம்மா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “எலே தேவா, லேகியம் கிண்டினா நாலு வீட்டுக்கு மணக்குமே, எனக்கு மணக்கவே இல்லியே” என்றாள். அன்று காற்று கிழக்கே அடித்தது. அதையும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

உனக்குத் தருவதற்கு முன் ஆட்டோ ஓட்டும் பொன்னப்பனுக்குக் கொடுத்துப் பார்த்தேன். முட்டு வலியில் பிரேக்கை மிதிக்க முடியாமல் கிடந்தவன், மூன்றாம் நாள் சர்ச் படியை இரண்டிரண்டாக ஏறினான். அன்று முதல் அவன் ஆட்டோவில் ஏறினால் என்னிடம் கூலி வாங்குவதில்லை.

காலையும் மாலையும் ஒரு நெல்லிக்காய் அளவு எடு. அணி டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆசானின் கூட்டு அவர்களுக்கு விளங்காது.

கர்த்தர் உன் தோளைத் தாங்குவாராக.

பிரியமுள்ள மாமன்,
தேவகுமார்


செங்கல்,
ஏப்ரல் 27

பிரியமான மக்கா சஜனுக்கு,

சொன்னேனா இல்லையா? நேற்று நீ எடுத்த விக்கெட்டுகளையும், அதன்பின் மட்டையோடு வந்து போட்ட போட்டையும் ஊரே பார்த்தது. கடைசி ஓவரில் கரண்டு போனது. எம்.எல்.ஏ.யே ஜெனரேட்டர் அனுப்பினார். அனுப்பவில்லை என்று உன் அம்மா சொல்வாள். விஷயம் தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பார்.

பாறசாலை சந்திப்பில் பிளக்ஸ் வைத்துவிட்டேன். ஒரு பக்கம் நீ பந்து போடுகிறாய், மறுபக்கம் நான் வெள்ளை வேட்டியில் நிற்கிறேன், நடுவில் நம் டப்பா. ‘சஜனின் தோளைக் காத்த வர்ம வைத்தியர் தேவகுமார்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போன வாரம் ஒருவர் காரில் வந்து பிளக்ஸைப் படம் எடுத்தார். பிறகு விசாரித்து வீட்டுக்கே வந்தார். என்ன மருந்து, எப்போது முதல் சாப்பிடுகிறார், எப்படி அனுப்புகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு எல்லாம் குறித்துக்கொண்டார். பத்திரிகைக்காரராக இருக்கும். நல்ல மரியாதைக்காரர். பெயர் மட்டும் சொல்லவில்லை.

டி.வி.யில் உன் முகத்தைப் பார்த்து எங்களுக்கெல்லாம் சந்தோஷம். கன்னத்தில் சதை வைத்து, பௌர்ணமி நிலா மாதிரி உருண்டுவிட்டது. பயலுக்கு நல்ல சாப்பாடு உண்டு என்று உன் அம்மாகூடச் சொன்னாள். லிஜா மட்டும் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “மாமா, அண்ணனுக்க மொகம் எப்பம் இப்பிடி வீங்குச்சு?” என்று கேட்டாள். வீக்கம் இல்லை மகளே, தெளிச்சம், முகத்தில் ஒளி என்றேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு எந்த முகமும் நோயாளி முகமாகத்தான் படும். “பொன்னப்பன் சேட்டனுக்கும் இதே மொகமாக்கும்” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

பொன்னப்பனுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதாம். சும்மாவா, நாள் முழுக்க டீ. ஆனால் முட்டு வலி திரும்பவே இல்லை. ஒருநாள் லேகியத்தைத் தவறவிட்டால் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை என்கிறான். உடம்பு அதை எவ்வளவு விரும்புகிறது, பார்.

உனக்குத் தூக்கம் வருவதில்லை, எந்நேரமும் பசிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றாய். மருந்து உள்ளே இறங்கி வேலை செய்தால் அப்படித்தான். ஆட்டம் முடிந்ததும் உன்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், ஒரு ஆள் பார்த்துக்கொண்டே நிற்க, சிறுநீர் எடுத்தார்கள் என்றும் சொன்னாய். எடுக்கட்டும். குறுந்தோட்டி என்றால் என்னவென்று அவர்களும் படிக்கட்டும்.

அப்போது நீ மறுபடியும், உங்கள் கையால் செய்ததுதானே மாமா என்று கேட்டாய். ஒன்றை இரண்டு தடவை கேட்கிற பையன் இல்லை நீ. ஆமாம் என்றேன். பைபிள்மேல் கை வைத்துச் சொல்லவா என்றும் கேட்டேன். வேண்டாம் மாமா, உங்களை நம்பாமல் யாரை நம்புவேன் என்று நீயே சொல்லிவிட்டாய். அது எனக்குப் போதும்.

இரண்டாவது டப்பா இதோடு வருகிறது. கர்த்தர் உனக்குத் தூக்கம் தருவாராக.

உன் மாமன்,
தேவகுமார்


செங்கல்,
ஜூன் 2

மக்கா சஜனுக்கு,

இந்தப் பார்சலில் வரும் டப்பாவைத் திறக்காதே. தின்னாதே. அப்படியே உன் வக்கீல் கையில் கொடு. இது எவர்சில்வர் டப்பா இல்லை, மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா. ஏன் என்று கீழே வருகிறது. எனக்குக் கொஞ்சம் சுற்றித்தான் எழுத வரும், உனக்குத் தெரியும்.

இங்கே மழை பிடித்துவிட்டது. ரப்பர் வெட்டு நின்றுபோனது. பிளக்ஸை நானே போய் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். காற்றில் கிழிந்தது என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். விசாரணைக் குழுவின் கையில் இருக்கும் காகிதங்களில் முதலாவதே அந்தப் பிளக்ஸின் படம்தான் என்று நீ சொன்னாயே, அதற்கு அப்புறம் அந்த வழியாகப் போக எனக்குக் கால் வரவில்லை. என் முகம் அதில் மிகவும் பெரியதாக இருந்தது.

உன் அம்மா டி.வி.மேல் துணி போட்டு மூடியிருக்கிறாள். உன்னை ஆட விடாமல் நிறுத்தி வைத்திருப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் விலக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு எந்த அணியும் திரும்பிப் பார்க்காது என்று வக்கீல் சொன்னதை நாங்கள் சொல்லவில்லை. சர்ச்சில் உன் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினார்கள். அவள் எழுந்து வெளியே போய், ஆராதனை முடியும்வரை மழையில் நின்றாள்.

பொன்னப்பன் சனிக்கிழமை ஆட்டோ ஸ்டாண்டில் மயங்கி விழுந்தான். அவன் டப்பா தீர்ந்திருந்தது. சோதனையில் நீ சிக்கிய செய்தி வந்த பிறகு யாருக்கும் எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. லிஜா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். நாள்பட்ட ஸ்டீராய்டு தின்ற உடம்பு, பட்டென்று நிறுத்தியதால் விழுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். உன் சிறுநீர்ச் சோதனைத் தாளில் இருந்ததும் அதே பெயர்தான்.

லிஜா யூனிபாரத்தோடு நேரே என்னிடம் வந்தாள். “மாமா, எனக்கு இப்பம் சண்ட போட நேரமில்ல. நோட்டீஸ் வந்த அன்னைக்கே அண்ணன் தின்னுறத நிறுத்தியாச்சு. எழும்பினா தல சுத்துதுன்னு சொல்லுதான். அவனும் விழுவான். அதுல என்ன உண்டுன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து நானே கேட்டதில்லை. அவள் அங்கே நின்றபடியே உனக்குப் போன் போட்டு, உடனே டாக்டரிடம் போகச் சொன்னாள். மிச்சத்தை மாமா எழுதுவார் என்று அவள் உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது. போனாயா? போயிருப்பாய். இல்லை என்றால் இந்த வரியோடு கடிதத்தை வைத்துவிட்டுப் போ.

மாமாவே கையால் செய்தது, வெளிச் சாமான் எதுவும் இல்லை என்று நீ குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய். அதற்கு ஒத்தாசையாக, செய்த விதத்தை என் கையெழுத்தில் அனுப்பச் சொன்னாய். எழுத உட்கார்ந்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆசான் வந்தார், மலையடிவாரம் வந்தது, குறுந்தோட்டி வந்தது. இந்தத் தடவை ஒரு மான்கூட வந்து நின்று என்னைப் பார்த்தது. உன் மாமி அதை வாசித்தாள். அடுக்களைக்குள் போய்ப் பரணிலிருந்து உருளியை இறக்கிக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பெருமைப் பேச்சுதான் வரும் மக்கா. அதனால் இப்படி.

டப்பாவில் பெயர் கிடையாது, மேலே ஒரு யானைப் படம் மட்டும் உண்டு. காட்டாக்கடைச் சந்தை வாசலில் பாய் விரித்து விற்கிற ஒரு ஆளிடம் வாங்கினேன். கறுத்த, மெலிந்த ஆள், ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். எந்த நோவானாலும் இரண்டு நாளில் பறக்கும் என்றான். பறந்தது. என்ன போட்டிருக்கிறாய் என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்துவிடுமே. முதல் இரண்டு தடவையும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றித்தான் உனக்கு அனுப்பினேன். மூன்றாவது தடவை அனுப்ப வாங்கி வைத்ததுதான் இந்த டப்பா. மூடிமேல் உள்ள சீல் உடைபடவில்லை. பரிசோதனைக்கு உடைக்காத டப்பா கிடைத்தால், நீ தெரியாமல் தின்றாய் என்று காட்ட வழி உண்டு என்று லிஜா விசாரித்துச் சொன்னாள். வழி உண்டு என்றுதான் சொன்னாள். ஆடலாம் என்று சொல்லவில்லை. அந்த ஆளைத் தேடி இரண்டு சந்தைக்குப் போனேன். பாய் விரிக்கிற இடம் காலியாகக் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தைக் குழுவின் முன்னால் வாசி. பேட்டியில் என் பெயரை நீ சொல்லவில்லை என்று முகத்தைத் தூக்கினேன் அல்லவா, இந்த இடத்தில் சொல்லு. தேவகுமார், அம்மாவின் உடன்பிறந்தவன், எட்டாம் கிளாஸ், ரப்பர் வெட்டு என்று சொல்லு. வைத்தியர் என்று வேண்டாம். கூப்பிட்டால் வண்டி ஏறி வாறேன். எவ்வளவு தூரமானாலும் வாறேன்.

கர்த்தர் உன்னைக் கட்டிலைவிட்டு எழுப்பி நடத்துவாராக. உனக்கு என்னோடு பேச மனம் வராவிட்டாலும் அம்மாவோடு பேசு.

குழுவுக்காக ஒரு வரி தனியாக எழுதச் சொல்லி லிஜா பக்கத்தில் நிற்கிறாள். ஆசான் உண்டு, அவர் வீட்டுக் கிணற்றில் நான் தண்ணீர் கோரியதும் உண்டு. நீ எறிந்த ரப்பர் விதை உண்டு, சேவலும் உண்டு. லேகியத்தை என் கையால் கிண்டினேன் என்றது மட்டும் நான் உண்டாக்கிச் சொன்னது.

மாமன்,
தேவகுமார்