சுவருக்குச் சாம்பல் நிறம்

டிச. 14, ஞாயிறு

மேகம். தூறல் என்று சொல்ல முடியாத ஒரு ஈரம். பூசை முடிந்து வந்ததும், நீண்ட ஆலோசனைக்குப் பின், கடல் பக்கச் சுவருக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சாம்பல் நிறம் அடிப்பதென்று தீர்மானம். இருபது வருட மஞ்சள் ஆட்சி முடிவுக்கு வருகிறது. வாக்கெடுப்பு ஒன்றுக்கு ஒன்று. மனைவி ரெஜினா எதிர்த்தாள். சபாநாயகர் என்ற முறையில் எனக்கு இன்னொரு ஓட்டு.

"ஊரே பண்டிகைக்குப் பளிச்சுனு அடிக்கும். நாம மட்டும் எழவு வீடு மாதிரியா?"

காரணம், பதிவுக்காக: துறைமுக அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், முழு உத்தியோகமும் போயிற்று. மார்கழிக் கடலைப் பார்க்க ஓய்வு பெற்ற பிறகுதான் கிடைத்தது. வானம், ஆறு, சேறு, கடல், எல்லாம் ஒரே நிறம். எது எங்கே முடிகிறதென்று தெரியாது. சுவரும் அதில் சேரட்டும்.

டிச. 15, திங்கள்

முகத்துவாரம் வரை நடை. செருப்பு அறுந்தது. உப்பளங்களில் மழைத் தண்ணீர், அதற்குள்ளும் வானம். சேற்றில் ஒரு சாம்பல் நாரை. அது நின்றது, நானும் நின்றேன். முதலில் சலித்தது நாரை.

வாங்க: பிரஷ், செருப்பு, கேக்குக்கு முந்திரி, ரெ. மாத்திரை.

டிச. 16, செவ்வாய்

பெயின்டர் முத்து பாதிச் சுவர் முடித்தான். பக்கத்து வீட்டுச் சேவியர் தோளில் வலையோடு நின்று பார்த்தான். தம்பியோடு வள்ளத்தில் தினமும் கடலுக்குப் போகிறவன்.

"அண்ணாச்சி, என்ன செய்திய? கோயில் குருசும் உங்க மஞ்சளும் ஒரே நேரா நின்னாத்தான் எங்களுக்கு வழி. கொஞ்சம் தள்ளுனா திட்டு."

வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல்திட்டைச் சொல்கிறான். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்றேன்.

"அது போன வாரமே தண்ணி குடிச்சிட்டு."

"ஒரு பட்டை மஞ்சள விட்டுருவமா சார்?" என்றான் முத்து. கலையில் சமரசம் இப்படித்தான் நுழைகிறது. மறுத்தேன். பண்டிகை கழியட்டும், பார்க்கலாம் என்றேன்.

"சரி, கண்ணைப் பழக்கிக்கிடுதோம்," என்று சேவியர் சிரித்தான். உள்ளே பார்த்து, "எக்கா, மீன் வரலேன்னா அண்ணாச்சியக் கேளுங்க!"

டிச. 17, புதன்

சுவர் முடிந்தது. கடற்கரையில் இறங்கி, தள்ளி நின்று திரும்பிப் பார்த்தேன். வீட்டைக் காணோம். முழு வெற்றி.

டிச. 18, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மொட்டைமாடியில் நாற்காலி. அடிவானம் ரத்தாகிவிட்டது. இவ்வளவு அமைதியான ஒன்றை நான் பார்த்ததில்லை. காபி ஆறிப்போனது.

பிற்பகல். மூட்டம் இறுகுமுன் மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. சேவியர் வரவில்லை. ரெஜினா பீரோவைத் திறந்து மஞ்சள் பட்டுச்சேலையை எடுத்தாள். இருவருமாக மாடியிலிருந்து தொங்கவிட்டோம். மழை. சேலை நனைந்து சுருண்டுகொண்டது. கீழே சேவியரின் மனைவி. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்க்கவில்லை.

டிச. 19, வெள்ளி

விட்டுவிட்டு மழை. நேற்று இருட்டும் நேரத்தில் வள்ளம் திட்டில் ஏறிவிட்டது. அண்ணனும் தம்பியும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். சேவியருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"உங்க வீட்டத் தேடிக்கிட்டேதான் வந்தோம் அண்ணாச்சி. அங்கன ஒண்ணுமே இல்ல."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆரஞ்சை அவர்கள் வீட்டுக் குழந்தை வாங்கிக்கொண்டது.

டிச. 22, திங்கள்

வெயில் இல்லை. முத்து பண்டிகை கழிந்துதான் வருவானாம். மஞ்சள் பெயின்ட் வாங்கி வைத்தாயிற்று. சேலை சாயம் போய்விட்டது. சேவியரின் வள்ளத்தை இழுக்க முடியவில்லை. திட்டில் சரிந்து கிடக்கிறது. மூக்கு மட்டும் வெளியே, நீலமாக. மற்ற வள்ளங்கள் இப்போது அதை அடையாளம் வைத்து விலகி, கோயில் குருசைப் பார்த்து உள்ளே வருகின்றன.