உன் சால்வைக்கு ஊசி வாங்கிய பாடு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழை விட்ட பிறகு போகிறது. கால்கரி குளிரில் நீயும் மாப்பிள்ளை சித்தார்த்தும் வயிற்றில் இருக்கும் செல்லமும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். பின்னல் என்று வாயெடுத்தாலே 'சரிம்மா, அப்புறம் பேசறேன்' என்று நீ வைத்துவிடுகிறாய், பிறகு நான் எங்கே போய்ச் சொல்வது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ அழுதுகொண்டே, 'பொறந்து கையில வர்ற வரைக்கும் கொழந்தைக்கு ஒரு நூலு கூட வேணாம்மா' என்றாய். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் போனபோது உன் அத்தை சவரியம்மாள், 'பொறக்கறதுக்கு முன்னாடியே தொப்பியும் சாக்ஸும் பின்னி வெச்சா இப்புடித்தான் ஆவும்' என்று எல்லார் முன்னாலும் சொன்னதுதான் உன் மனசில் தைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அதை அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நஞ்சுக்கொடியில் கோளாறு என்று டாக்டரே சொன்னார், நூல் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனாலும் பயந்து கிடக்கிற பிள்ளையோடு மல்லுக்கு நிற்க எனக்கு மனசில்லை. அதனால் குழந்தைக்கு ஒன்றும் பின்னவில்லை, உனக்குப் பின்னுகிறேன், இரண்டு தோளையும் மூடித் தொங்குகிற மாதிரி பெரிய லேஸ் சால்வை. உனக்குப் பின்னக் கூடாது என்று நீ சொல்லவில்லை.

முடிவெடுத்த பிறகுதான் ஊசி படுத்திய பாடு ஆரம்பித்தது. வீட்டில் இருந்தது தொப்பி பின்னிய அலுமினிய ஊசி. நம் ஊர் வெக்கையில் கை வேர்த்தால் அதில் நூல் நிற்பதில்லை. லேஸ் என்றால் வேண்டுமென்றே ஓட்டை விட்டு, பக்கத்தில் இரண்டு மூன்று கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக எடுக்க வேண்டும், அலுமினிய ஊசியின் மழுங்கல் முனை உள்ளே நுழையவே இல்லை, அழுத்தித் தள்ளினேன், ஒரு வரிசை முழுக்க வழுக்கி மடியில் விழுந்தது. சரி, மூங்கில் ஊசி பார்ப்போம் என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன், என்னோடு வேலை பார்த்த மலர்க்கொடி டீச்சர் கீழவீதியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் 'பேரனுக்கா பேத்திக்காம்மா' என்று கேட்டார், என் பெண்ணுக்கு என்றேன். மெலிசு நூலுக்கு மெலிசு ஊசி என்று அவர் கொடுத்ததை நம்பி வாங்கிவந்து பின்னிப் பார்த்தால் ஓட்டையே தெரியாமல் காபி வடிகட்டுகிற துணி மாதிரி வந்தது. நூல் மெலிசாக இருந்தாலும் ஊசி கொஞ்சம் தடியாக இருந்தால்தான் ஓட்டை திறக்கும் என்று பிறகு புரிந்தது, மறுபடி பஸ் ஏறித் தடி ஊசிக்கு மாற்றிவந்தேன்.

அதுவும் கடல் காற்று ஈரத்தில் நூலை விடாமல் பிடித்துக்கொண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கதவு கிறீச்சிட்டாலும் தலை வலித்தாலும் நம் வீட்டில் எதை எடுப்போமோ அந்தத் தேங்காய் எண்ணெயையே எடுத்து ஊசி முழுக்கத் தடவிவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, 'பின்னப் போறியா, பொரிச்சு எடுக்கப் போறியா' என்று சிரித்தார். பின்னிய துண்டு பூராவும் எண்ணெய்க் கறை, நல்ல வேளை அது சும்மா அளவு பார்க்கப் பின்னியது. ஊசியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவர்த்தித் துண்டால் ஒரு இழுப்பு இழுத்து, துணியால் அழுந்தத் துடைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஆனால் சால்வை வளர வளர மொத்தக் கனமும் மணிக்கட்டில் இறங்கும், ஊசி நீளமும் போதாது. கடைசியில் மலர்க்கொடி ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தாள், கூர்முனை உள்ள இரண்டு மரக்கட்டை ஊசி, நடுவில் நீளமான வயர். கனமெல்லாம் வயரில் தொங்கி மடியில் கிடக்கிறது. கட்டை கருப்பு நிறம், அதன்மேல் வெள்ளை நூல் என் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிகிறது. இதையும் மெழுகு போட்டுத் துடைத்தே எடுக்கிறேன், எண்ணெய்ப் பாட்டில் இப்போது சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரியம்மாள் வந்தாள், ஊசியைப் பார்த்ததும் முகம் மாறி 'மறுபடியுமா அண்ணி' என்றாள். 'இது வெண்மதிக்கு, நீயும் அவளும் ஒரே உயரம், கொஞ்சம் நில்லு' என்று சொல்லிப் பின்னிய வரைக்கும் அவள் தோளில் போட்டு அளந்தேன். ஓரத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, 'அங்க குளுரு ஜாஸ்தியாமே, இன்னும் கொஞ்சம் நீட்டமா போடுங்க' என்றாள். அண்ணாகிராமத்திலிருந்து நல்ல முந்திரி வந்திருக்கிறது, சால்வையோடு சேர்த்து அனுப்புகிறேன். பனியில் தனியாக நடக்காதே, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள், இரும்பு மாத்திரையை டீ குடித்த கையோடு போடாதே.

ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு. போன தடவை நான் பின்னியதெல்லாம் குழந்தைக்குத்தான். ஆஸ்பத்திரியில் வெறுங்கையோடு நீ நடுங்கிக்கொண்டு கிடந்ததை வீடியோவில் பார்த்தேன், உன்மேல் போர்த்த நான் ஒன்றுமே செய்து வைத்திருக்கவில்லை. இனி அப்படி இருக்க விடமாட்டேன். எட்டாம் மாதம் பிறக்கும் முன் சால்வை உன்னிடம் வந்துவிடும், வலி எடுத்ததும் அதைப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போ. பிள்ளையோடு திரும்பி வந்தால் அதுவும் உள்ளே படுத்துக்கொள்ளட்டும். எப்படித் திரும்பி வந்தாலும் நீ என் பிள்ளை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் நெற்றிச் சிலுவையும் முத்தங்களும். பார்சல் வந்தால் பயந்து பீரோவில் வைத்துவிடாதே, அன்றைக்கே பிரித்துத் தோளில் போட்டு அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பு.

உன் அம்மா,
ஜான்சி