ஆதியம்மாளுக்கு மகள் இல்லை

டில்லி
11-2-1976

அன்புள்ள அண்ணனுக்கு,

வச்சலா எழுதுகிறேன். நீ, அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் சுகம்தானே? அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பினேனே, தடவுகிறாளா, இல்லை பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாளா?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் ரஷ்ய இலக்கியத் துறையில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இத்தனை நாள் தற்காலிகம், இனி நிரந்தரம். பாதி நேரம் பாடம் நடத்த வேண்டும், பாதி நேரம் ஆராய்ச்சி. ரஷ்யாவின் வடக்குக் கடலோரத்திலும் நம்மைப்போல் மீன் பிடிக்கிற ஊர்கள் உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக அங்கே பெண்கள் பாடும் ஒப்பாரிதான் என் ஆராய்ச்சி. நேர்முகத்தில் ஒருவர், இதெல்லாம் உனக்கு எப்படிப் புரியும் என்று கேட்டார். எங்கள் அம்மா பாடிக் கேட்டிருக்கிறேன் என்றேன். நைனா கடலோடு போனபோது அவள் பாடியது இன்னும் என் காதில் இருக்கிறது.

உத்தரவு கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுவரை மூச்சுவிடவே பயமாக இருக்கிறது. நெருக்கடி நிலை வந்ததிலிருந்து இங்கே பஸ்ஸில்கூட யாரும் வாய் திறப்பதில்லை. விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணைப் போன வாரம் போலீஸ் கூட்டிப்போனது. அவள் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்க ஒருவருக்கும் தைரியமில்லை, எனக்கும்தான்.

கட்டிலுக்கடியில் இருக்கிற என் ரஷ்யப் புத்தகங்களை உப்புக்காற்று படாமல் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
வச்சலா


நடுக்குப்பம்
1-3-1976

அன்புத் தங்கை வச்சலாவுக்கு, அண்ணன் தணிகைவேல் எழுதிக்கொண்டது.

உனக்கு வேலை என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை.

ஆட்சியைக் கலைத்ததிலிருந்து இங்கே கட்சிக்காரர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். தெருக்கோடித் தனகோடி கொடிக்கம்பம் நட்டவன் அல்லவா, வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவனை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஜெயில் என்று அவன் பெண்சாதிக்கே தெரியாது. அன்றே பஞ்சாயத்துக் கூடி, ஊர்க் கட்டுப்பாட்டை மறுபடி சொன்னார்கள். போலீஸ் வந்து யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு ஆள் இந்தக் குப்பத்தில் இல்லை. பஞ்சாயத்தைக் கேட்காமல் ஒருவரும் ஸ்டேஷன் படி ஏறக்கூடாது. நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான்.

போன வியாழக்கிழமை மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். கையில் காகிதம். "சிங்காரம் மக வச்சலா, ரஷ்யா பாஷை படிச்சவ, வூடு எது?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிறார்கள். இங்கே ரஷ்யா என்று ஒருத்தியைத் தேடினால் எதற்கென்று நினைப்பது? ஆனால் விட்டுவிடுவோமா? பஞ்சாயத்துத் தலைவர் அப்பாசாமி, "அப்டி யாரும் இங்க இல்லீங்களே" என்றார். பக்கத்து வீட்டுக் குப்பம்மா, அந்தப் பேரையே கேட்டதில்லை என்றாள். அவர் விடாமல் நம் வாசலுக்கே வந்து அம்மாவைக் கேட்டார். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து, "எனக்குப் பொண்ணே இல்ல சாமி. ஒரே புள்ள, தோ நிக்கறான்" என்றாள். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே உன் புத்தகங்களைப் பழைய வலையில் கல்லோடு கட்டி ஆழத்தில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கிறாயா? இருந்தாலும் பயப்படாதே. உன்னைக் காட்டிக்கொடுக்க இங்கே ஆளில்லை. அம்மா மட்டும் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன் அண்ணன்,
தணிகைவேல்


டில்லி
8-3-1976

அன்புள்ள அண்ணா,

நான் எதிலும் மாட்டவில்லை. வந்தவர் என்னைப் பிடிக்க வரவில்லை. நிரந்தர வேலை கொடுக்குமுன் ஆள் யார், எப்படிப்பட்டவள் என்று சொந்த ஊரில் போலீஸை விட்டு விசாரிப்பார்களாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் துறையில் போய்க் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. விண்ணப்பத்தில் நான் எழுதிய விலாசத்தைத் தேடித்தான் அவர் வந்தார். எங்கள் ஊர்ப் பெண்தான், நல்ல பெண் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அங்கே இருந்திருந்தால் நானும் யாருக்காகவாவது அதையேதான் சொல்லியிருப்பேன். புத்தகங்கள் போனால் போகட்டும். பாதி நூலகத்துடையது, அதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அறிக்கை டில்லிக்கு வந்து சேர்ந்தால் வேலை போய்விடும் அண்ணா. இந்த வேலைக்காகப் பத்து வருஷம் கண் விழித்தேன். நானே வந்து சொன்னால் செல்லாதாம், வீட்டு மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டையும் என் பள்ளிக்கூடச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நீ ஸ்டேஷனுக்குப் போ. அவள் என் தங்கை, பயந்துபோய் இல்லை என்று சொல்லிவிட்டோம் என்று சொல். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வச்சலா


நடுக்குப்பம்
17-3-1976

தங்கை வச்சலாவுக்கு,

உன் கடிதத்தோடு ஸ்டேஷன் வரைக்கும் போனேன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது வச்சலா. எத்தனையோ புயலைப் பார்த்தவன்தான், ஆனால் இந்தப் பயம் வேறு. உள்ளே போனவன் வெளியே வருவானா என்று சொல்ல முடிகிறதா? எனக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஒன்றை யோசித்துப் பார். நடுக்குப்பத்துக்காரர்கள் பொய் சொன்னோம் என்று நானே போய் ஒப்புக்கொண்டால், அப்புறம் இந்த ஊர் சொன்ன எதை நம்புவார்கள்? நாங்கள் இல்லை என்று சொன்னது உன்னை மட்டும் இல்லை. தனகோடிக்குத் தம்பி ஒருவன் உண்டு என்பது உனக்கு நினைவிருக்கும். இதற்குமேல் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை யார் யார் பிரித்துப் பார்க்கிறார்களோ.

வேறு வேலை கிடைக்காதா? படித்தவள்தானே.

தணிகைவேல்


டில்லி
29-3-1976

அன்புள்ள அண்ணா,

அறிக்கை வந்துவிட்டது. கொடுத்த விலாசத்தில் இந்தப் பெயரில் யாரும் இல்லை, தாய் என்று குறித்திருக்கும் ஆதியம்மாளே மறுக்கிறாள் என்று எழுதியிருக்கிறதாம். துறைத் தலைவர் கதவைச் சாத்திவிட்டு, "அப்படியென்றால் நீ யாரம்மா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான்.

மறுநாள் இரண்டு பேர் விடுதிக்கு வந்தார்கள். அறையைக் கலைத்துப்போட்டு, ரஷ்ய எழுத்தில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பொய் விலாசம், ரஷ்யப் படிப்பு, அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். மூன்றையும் முடிச்சுப்போட்டு, யார் அனுப்பி வந்தாய் என்கிறார்கள். அடுத்த மாதம் முடியுமுன் மறுபடி வருவார்களாம். அதுவரை டில்லியைவிட்டு நகரக்கூடாதாம். இப்போது வேலையைப் பற்றி நான் நினைப்பதே இல்லை.

நீ ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். நீ எழுதியது புரிந்தது. அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டாதே. என் செருப்பை மட்டும் இப்போது அறைக்கு உள்ளேயே விடுகிறேன்.

வச்சலா


நடுக்குப்பம்
20-4-1976

அன்புத் தங்கை வச்சலாவுக்கு,

நீ வேண்டாம் என்றும் அம்மா விடவில்லை. கடிதம் வந்ததைப் பார்த்துவிட்டு, படி படி என்று உயிரை வாங்கினாள். படித்தேன். மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் சந்தைக்கு என்று பஸ் ஏறினாள். பொழுது சாய்ந்தும் வரவில்லை. சந்தைக்குப் போனவர்கள் அவளைப் பார்க்கவே இல்லை என்றார்கள். தனகோடியைப்போல அவளும் போய்விட்டாள் என்றே நினைத்தேன். ரோட்டில் நின்று அழுதேன், வெட்கம் என்ன.

கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள். செங்கல்பட்டுக்குப் போய், பெரிய போலீஸ் ஆபீசில், மீன் கூடையோடு அதிகாரி முன்னால் நின்றிருக்கிறாள். "எனக்குப் பொண்ணு கீது சாமின்னேன். பின்ன இன்னாத்துக்கு இல்லன்னு சொன்னேன்னாரு. கண்ணாலம் வாணாம்னு சொல்லிட்டு டில்லிக்குப் போனவ, அவள நான் தலமுழுவிட்டேன், அந்த ஆத்திரத்துல சொன்னேன், என் வாய்க்குப் பயந்துக்கினு ஊர்ல மத்தவங்களும் சொன்னாங்க, அவுங்க மேல தப்பு இல்லன்னேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, திட்டிவிட்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்.

நிஜம்தானா என்று பார்க்க, அடுத்த வாரம் அதே மஃப்டிக்காரர் வந்தார். உன் பெயரை எடுத்தாரோ இல்லையோ, அம்மா தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். உன்னை அவள் பேசிய பேச்சை என்னால் எழுத முடியாது. குடத்துத் தண்ணீரை எல்லோரும் பார்க்கத் தலையில் ஊற்றிக்கொண்டாள். குப்பமே நின்று பார்த்தது. அவர் நம்பிவிட்டார். நல்லபடியாக எழுதி அனுப்புகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உனக்கு இனி ஆபத்து இல்லை. வேலையும் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

பஞ்சாயத்து அம்மாவைத் தண்டிக்கவில்லை. தலைவர் அப்பாசாமி வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நீ இனி இங்கே வரக்கூடாது. வந்தால் தலைமுழுகினது பொய் என்று ஆகும். அது பொய் என்றால், நாங்கள் இல்லை என்று சொன்ன அந்தப் பையனும் அகப்படுவான். அம்மா தலையை ஆட்டினாள். அது அவளுக்குச் செங்கல்பட்டுக்குப் போகும்போதே தெரிந்திருக்கிறது.

இந்தக் காலம் முடியும்வரைதான் என்று எழுத ஆசைப்படுகிறேன். எப்போது முடியும் என்று யாரைக் கேட்பது? அம்மாவுக்கும் வயதாகிறது.

உனக்கு என்ன எழுத என்று அவளைக் கேட்டேன். "செத்தவங்களுக்குப் பாடற பாட்டெல்லாம் படிக்கறாளே. உசுரோட கீற பொண்ண தலமுழுவுனவளுக்கு அந்த ஊர்ல இன்னா பாட்டுன்னு கேளு" என்றாள்.

அவள் கேட்கச் சொன்னதால் கேட்டு எழுதுகிறேன். நீ பதில் போடாதே. இங்கிருந்தும் இனிக் கடிதம் வராது. படித்ததும் இதை எரித்துவிடு.

தணிகைவேல்