போட்டோவுக்கு வந்த மீன்கள்

சேலம், 1984

என் இன்பமேரிக்கு,

நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் அந்த விடுதிக்கு நேற்றுப் போயிருந்தேன். நம் பையனோடு நாம் இருந்த அறைப் பக்கம் போகவில்லை. கூடத்து மீன்தொட்டியைச் சீர்செய்து தருவதாக எங்கள் மீன் வளர்ப்போர் சங்கம் சொல்லியிருந்தது.

பாசி பிடித்து நாறிய தொட்டியை நானும் சங்கத்துத் தோமினிக்கும் கழுவினோம். சங்கத் தலைவர் தன் ஏஞ்சல் மீன்களை அதில் விட்டார். இப்போது அங்கே தங்கியிருக்கும் திருச்செங்கோட்டுக் கண்ணாத்தாளின் மகள், கையில் ஊசிக் கட்டோடு, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரித்தாள். பத்திரிகைக்குப் போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் தலைவர் மீன்களைப் பிடித்துப் பையில் போட ஆரம்பித்தார்.

“ஏனுங்க, புள்ள இன்னும் பாத்துட்டு இருக்குதுங்க,” என்றாள் கண்ணாத்தாள்.

“இது போட்டி மீனும்மா. இங்க இருந்தா செத்துப்போயிரும்.”

அந்தக் குழந்தைக்கு முன்னால் அப்படிச் சொன்னார். நாற்றத் தண்ணீரைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. சங்கமும் வேண்டாம், உங்கள் சகவாசமும் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் நம் வீட்டு மீன்களை அங்கே கொண்டுபோய் விட்டேன். அவற்றை யாரும் தொடக் கூடாது என்று உன் அம்மா வீட்டுக்குப் போகும்போது நீ சொல்லியிருந்தாய், தெரியும். கண்ணாத்தாளின் மகள் மீன்களின் பேரைக் கேட்டாள். நம் பையன் வைத்த பேர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் நம்மை விட்டுப் போய் இவ்வளவு நாளுக்குப் பிறகு அவற்றை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

கோபமிருந்தால் இங்கே வந்து கோபப்படு.

உன் வீட்டுக்காரன்